எஸ்.எஸ். பிரான்ஸ் கப்பலைக் கட்டியது தவறான முடிவா?

நங்கூரம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்த பயணிகள் கப்பல்களின் வரலாற்றைச் சில காலமாகப் படித்து வருகிறேன். அவற்றுள் 1962-இல் சேவைக்கு வந்த ‘பிரான்ஸ்’ கப்பலின் வாழ்க்கைதான் எனக்கு இன்னும் தெளிவாகாமல் இருக்கிறது. 315 மீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தோடு உலகின் மிக நீண்ட பயணிகள் கப்பலாக அது விளங்கியது. 2004-இல் ‘குயின் மேரி 2’ வரும்வரை அந்த இடத்தை வேறெந்தப் பயணிகள் கப்பலும் பிடிக்கவில்லை. இவ்வளவு பெருமையோடு வந்த கப்பல் 1974-இலேயே ஓய்வுக்கு அனுப்பப்பட்டது. பின்னர் ‘நார்வே’ என்ற பெயரில் 1980 முதல் 2003 வரை, அதாவது முதல் வாழ்வைப் போல ஏறத்தாழ இரு மடங்கு காலம், சுற்றுலாக் கப்பலாக ஓடியிருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. ஜெட் விமானங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் இப்படியொரு கப்பலைக் கட்ட பிரெஞ்சு அரசு எப்படித் துணிந்தது? அரசின் மானியத்தோடும் ஓட முடியாத கப்பல், வேறொருவர் கையில் இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடியது? கப்பலின் அழகைப் பற்றிய கட்டுரைகள் நிறையக் கிடைக்கின்றன. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நேரான விடைதான் கிடைக்கவில்லை.

கலங்கரை:

நண்பரே, முதல் கேள்விக்கு விடை காண 1962-ஐ விட்டுவிட்டு 1950-களின் நடுப்பகுதிக்குச் செல்ல வேண்டும். பிரெஞ்சு லைன் என்று அறியப்பட்ட கொம்பனி ஜெனரால் திரான்சத்லாந்திக் நிறுவனத்தின் பெருமையாக இருந்த ‘நார்மாண்டி’ 1942-இல் நியூயார்க் துறைமுகத்தில் தீப்பிடித்து அழிந்துவிட்டது. போருக்குப் பின் அந்த நிறுவனம் நம்பியிருந்தவை 1927-இல் வந்த ‘இல் த பிரான்ஸ்’ கப்பலும், ‘ஒய்ரோப்பா’ என்ற ஜெர்மானியக் கப்பலை இழப்பீடாகப் பெற்றுப் பெயர் மாற்றிய ‘லிபெர்த்தே’யும்தான். இரண்டுமே முதுமையடைந்திருந்தன. எனவே புதிய கப்பல் வேண்டுமா என்பதைக் காட்டிலும், நடுத்தர அளவில் இரண்டு கப்பல்களா, பெரியதாக ஒரே கப்பலா என்பதுதான் அன்றைய முதன்மையான விவாதமாக இருந்தது. அந்நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு அரசிடம் இருந்ததால் முடிவும் அரசியல் முடிவாகவே அமைந்தது. பெரிய கப்பல் வென்றது.

அன்றைய எண்ணிக்கைகளைப் பார்த்தால் அந்த முடிவை முற்றிலும் அறிவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1957-இல் வடக்கு அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்தவர்கள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதுவே உச்சம். அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில்தான் சேன் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் ‘பிரான்ஸ்’ கப்பலின் கட்டுமானம் தொடங்கியது. ஆனால் அடுத்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பான் ஆம் விமான நிறுவனத்தின் போயிங் 707 ஜெட் விமானம் தன் முதல் சேவையைத் தொடங்கியபோது அது தேர்ந்தெடுத்த தடம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குச் செல்லும் தடமாக அமைந்தது. எந்தப் பயணிகளுக்காகக் கப்பல் கட்டப்பட்டதோ அதே பயணிகளை, கப்பலின் உடற்பகுதி உருவாகிக்கொண்டிருக்கும்போதே, விமானம் அழைத்துச் செல்லத் தொடங்கிவிட்டது. 1958-இலேயே அட்லாண்டிக்கை வான்வழியாகக் கடந்தவர்களின் எண்ணிக்கை கடல்வழியாகச் சென்றவர்களின் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது.

அதன் பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கலாம். பாதி கட்டிய கப்பலை நிறுத்தினால் சேன் நசேரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வேலை போகும் என்பது ஒரு காரணம். நாட்டின் பெயரையே தாங்கப்போகும் கப்பலைக் கைவிட முடியாது என்பது மற்றொன்று. 1960 மே 11 அன்று குடியரசுத் தலைவர் சார்ல் த கோல் முன்னிலையில், அவருடைய துணைவியார் இவோன் த கோல் கப்பலைக் கடலில் இறக்கிவைத்தார். போரிலும் காலனிகளிலும் இழந்தவற்றுக்குப் பிறகு தன் தொழில்திறனை உலகுக்குக் காட்ட விரும்பிய ஒரு நாடு, அந்தக் கட்டத்தில் பயணச்சீட்டுக் கணக்கைப் பார்த்துப் பின்வாங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 1962 பிப்ரவரி 3 அன்று பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்திலிருந்து முதல் அட்லாண்டிக் பயணத்துக்குப் புறப்பட்டு, 8-ஆம் தேதி நியூயார்க்கைச் சென்றடைந்தது.

தொடக்க ஆண்டுகளில் கப்பல் காலியாக ஓடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் வகுப்பின் ‘ஷாம்போர்’ உணவுக்கூடம் கடலில் இருந்த சிறந்த பிரெஞ்சு உணவகம் என்று பெயரெடுத்தது. 1962 டிசம்பரில் மோனா லிசா ஓவியம் வாஷிங்டன் கண்காட்சிக்கு இக்கப்பலில்தான் காவலோடு கொண்டுசெல்லப்பட்டது. அந்தப் புகழெல்லாம் உண்மையானது. ஆனால் புகழ் எண்ணெய்ச் செலவை ஈடுகட்டவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அரசின் மானியம்தான் கணக்கை நேர்செய்தது.

நீராவி:

கலங்கரை ஐயா சொன்ன எண்ணெய்ச் செலவில்தான் இரண்டாவது கேள்விக்கான விடையும் இருக்கிறது. இயந்திரங்களோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

‘பிரான்ஸ்’ கப்பலில் 8 கொதிகலன்கள் இருந்தன. அவற்றின் நீராவியால் இயங்கிய டர்பைன்கள் 4 சுழல்தண்டுகளைச் சுழற்றின. மொத்த ஆற்றல் ஏறத்தாழ 1,60,000 குதிரைத்திறன். சோதனை ஓட்டத்தில் 35 நாட் (மணிக்கு 35 கடல் மைல்) வேகத்தைத் தாண்டிய கப்பல், சேவையில் 31 நாட் வேகத்தில் ஓடியது. லெ ஆவ்ரிலிருந்து ஐந்து நாள்களில் நியூயார்க்கை அடைய அந்த வேகம் தேவைப்பட்டது. ஆனால் நீரில் ஓடும் கப்பலுக்குத் தேவைப்படும் ஆற்றல் வேகத்துக்கு நேர் விகிதத்தில் உயர்வதில்லை. தோராயமாக வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்கிறது. வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமென்றால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும். இதைத் திருப்பிப் பார்த்தால், 31 நாட் வேகத்தில் ஓடிய கப்பலை 17 நாட் வேகத்தில் ஓட்டுவதற்குப் பழைய ஆற்றலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போதும். விமானத்தோடு போட்டியிட முடியாத வேகத்துக்காகத்தான் அந்தக் கப்பல் தன் எண்ணெயில் பெரும்பகுதியை எரித்துக்கொண்டிருந்தது என்பதை இந்தக் கணக்கு ஒன்றே காட்டிவிடும்.

மேலும், பாதுகாப்பைக் கருதி இயந்திரங்கள் முன், பின் என இரண்டு தனித்தனி அறைகளில் வைக்கப்பட்டிருந்தன; ஒன்றில் நீர் புகுந்தாலும் மற்றொன்றைக் கொண்டு கப்பல் தொடர்ந்து ஓட வேண்டும் என்பது நோக்கம். 1979-இல் நார்வே நாட்டுத் தொழிலதிபர் க்னுட் குளோஸ்டர் கப்பலை 1 கோடியே 80 இலட்சம் டாலருக்கு வாங்கி ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் தளத்துக்குக் கொண்டுசென்றபோது, இந்த அமைப்பு அவருக்குப் பெரிதும் துணைநின்றது. முன்பக்க இயந்திர அறையை அவர் செயலிழக்கச் செய்தார், வெளிப்பக்கத்து இரண்டு உந்துவிசிறிகளை அகற்றினார், பின்பக்க அறையை மட்டும் வைத்துக்கொண்டார். அவசரமில்லாத கரீபியன் பயணத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு மாற்றத்துக்குச் செலவானது. இருந்தும் புதிதாக ஒரு கப்பல் கட்டுவதைவிட அது மலிவு.

வேறொன்றையும் குறிப்பிட வேண்டும். புகைபோக்கிகளின் இருபுறமும் நீண்டிருந்த சிறகுகள் அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. புகையும் கரியும் பின்தளத்தில் அமர்ந்திருக்கும் பயணிகள்மேல் விழாமல் பக்கவாட்டில் வெளியேறுவதற்காக அமைக்கப்பட்டவை. பார்த்தவுடன் இக்கப்பலை அடையாளம் காட்டிய வடிவம் ஒரு நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்தது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

செய்ன் கரை:

பாரிசில் வசிக்கும் நான் 1974-ஆம் ஆண்டு நிகழ்வுகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். இங்குள்ள மூத்த தலைமுறையினருக்கு இக்கப்பல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

1973-இன் எண்ணெய் நெருக்கடி எரிபொருள் விலையைப் பல மடங்கு உயர்த்தியது. 1974 மே மாதம் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன் குடியரசுத் தலைவராகவும் ழாக் சிராக் பிரதமராகவும் பொறுப்பேற்றார்கள். சில வாரங்களிலேயே, மானியம் இனி இல்லை, இலையுதிர் காலத்தோடு கப்பல் சேவையிலிருந்து விலக்கப்படும் என்ற முடிவு வெளியாயிற்று. செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கப்பலைப் பணியாளர்கள் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, லெ ஆவ்ர் துறைமுகத்தின் நுழைவாயிலிலேயே நங்கூரமிட்டு வழியை மறித்தார்கள். பயணிகள் வேறொரு கப்பலின் வழியாகக் கரை சேர்க்கப்பட்டார்கள். பணியாளர்களோ கப்பலை விட்டு இறங்காமல் ஏறத்தாழ ஒரு மாதம் போராடினார்கள்.

அந்தப் போராட்டத்தை வெறும் ஊதியப் போராட்டமாகச் சுருக்குவது நியாயமன்று. அந்தக் கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். லெ ஆவ்ர் நகரத்தில் அதைச் சார்ந்து வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். நாட்டின் மாண்புக்காகக் கட்டப்பட்டது என்று 1960-இல் அவர்களிடம் சொன்ன அரசு, 14 ஆண்டுகளில் அதை வெறும் செலவுக் கணக்காக மாற்றியதைத்தான் அவர்கள் ஏற்க மறுத்தார்கள். பொருளாதாரக் கணக்கில் அரசு சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் மாற்றுவழி எதையும் உண்மையாகத் தேடிப் பார்க்காமல் கைவிட்டார்கள் என்பதே என் கருத்து. குளோஸ்டர் பின்னர் செய்தது அந்த மாற்றுவழி இருந்ததற்கான சான்று.

போராட்டம் முடிந்ததும் கப்பல் லெ ஆவ்ரின் ஒதுக்குப்புறத்தில் கட்டிவைக்கப்பட்டது. மக்கள் அதை ‘மறதியின் துறைமேடை’ என்று அழைத்தார்கள். 1977-இல் அக்ரம் ஓஜ்ஜே என்ற சவூதித் தொழிலதிபர் அதை வாங்கினார். அவருடைய திட்டங்கள் நிறைவேறவில்லை. 1979 ஆகஸ்டில் இழுவைக் கப்பல்கள் அதைப் பிரேமர்ஹாஃபனுக்கு இழுத்துச் சென்றபோது கரையில் பெருங்கூட்டம் திரண்டது.

கலங்கரை:

செய்ன் கரை அவர்களின் கடைசிக் கருத்தில் எனக்கு ஓரளவு மாறுபாடு உண்டு. பிரெஞ்சு நிறுவனமும் கப்பலைச் சுற்றுலாவுக்கு அனுப்பிப் பார்த்தது. அட்லாண்டிக் பயணங்கள் 370-க்கும் மேற்பட்டவை என்றால், சுற்றுலாப் பயணங்களும் 90-ஐத் தாண்டின. 1972-இலும் 1974-இலும் உலகைச் சுற்றியும் வந்தது. ஆனால் கப்பலின் அமைப்பு அதற்கு ஒத்துழைக்கவில்லை. அதன் அகலம் 33.7 மீட்டர், பனாமா கால்வாயின் அன்றைய அடைப்புகளின் (கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டிகளின்) அகலம் 33.5 மீட்டர். சூயசோ 1967 முதல் மூடிக்கிடந்தது. எனவே 1972-இல் தென் அமெரிக்காவின் தென்முனையான ஹார்ன் முனையைச் சுற்றியே போக வேண்டியிருந்தது. நீச்சல் குளங்களில் ஒன்று கப்பலின் ஆழத்தில் இருந்தது. பின்தளத்தில் இருந்த மற்றொன்றின் மேலே திறக்க முடியாத கண்ணாடிக் கூரை. குளிர்காற்று வீசும் வடக்கு அட்லாண்டிக்குக்கு இவை பொருத்தமானவை, வெயிலைத் தேடி வரும் சுற்றுலாப் பயணிக்கு அல்ல. இவற்றையெல்லாம் மாற்றும் பணமும் கரீபியன் சந்தையைப் பற்றிய அறிவும் குளோஸ்டரிடம் இருந்தன. மயாமியில் அவருடைய நிறுவனம் ஏற்கெனவே சிறிய கப்பல்களை ஓட்டிக்கொண்டிருந்தது. லெ ஆவ்ரில் அந்த அறிவு இல்லை.

செய்ன் கரை:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. ஆனாலும் பனாமாவைக் கடக்க முடியாத அதே கப்பல்தான் மயாமியிலிருந்து செயின்ட் தாமஸ் தீவுக்கு வாரந்தோறும் சென்று வந்தது. பத்து மீட்டர் அளவுக்கு நீரில் மூழ்கியிருந்ததால் சிறு துறைமுகங்களில் நுழைய முடியவில்லை என்றவுடன், பயணிகளைக் கரைக்குக் கொண்டுசெல்ல இரண்டு பெரிய படகுகளை முன்தளத்திலேயே ஏற்றிவைத்தார்கள். தடைகளைச் சுற்றிப்போகும் மனம் இருந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நங்கூரம்:

இவ்வளவு தெளிவான விளக்கங்களுக்கு மனமார்ந்த நன்றி. அப்படியானால் மேலும் ஒன்று கேட்கிறேன். 2003-இல் மயாமியில் நடந்த கொதிகலன் வெடிப்பு, முதுமையால் தவிர்க்க முடியாமல் நேர்ந்ததா? அதன் பிறகு கப்பலை ஏன் சீர்செய்யவில்லை?

நீராவி:

தவிர்த்திருக்க முடியும். 2003 மே 25 காலையில் கப்பல் மயாமித் துறைமுகத்தில் நின்றிருந்தபோது பின்பக்க அறையின் நான்கு கொதிகலன்களில் ஒன்று பிளந்தது. கொதிகலனுக்குள் உயர் அழுத்தத்தால் நீராகவே இருக்கும் மிகு வெப்ப நீர், அழுத்தம் திடீரென்று நீங்கும்போது ஒரே நொடியில் நீராவியாகிப் பல நூறு மடங்கு விரிவடைகிறது. பணியாளர்கள் 8 பேர் உயிரிழந்தார்கள், மேலும் பலர் காயமுற்றார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆய்ந்து அறிவித்த காரணம், கொதிகலனை இயக்குவதிலும் பராமரிப்பதிலும் சோதிப்பதிலும் இருந்த குறைபாடுகள். அவற்றால் உலோகத்தில் சோர்வு விரிசல்கள் வளர இடம் கிடைத்தது. கொதிகலனை அடிக்கடி சூடாக்கிக் குளிர்விப்பதும், உள்ளே செல்லும் நீரின் வேதித் தன்மையைச் சரியாகப் பேணாததும் இத்தகைய விரிசல்களை வளர்க்கும். கப்பலை ஓட்டிய நிறுவனம் பின்னர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியது. நாற்பது ஆண்டு பழைய கொதிகலன் ஆபத்தானது என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அந்த எட்டுப் பேரின் இறப்பைக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியாது. பழைய கொதிகலனுக்குக் கூடுதல் கவனிப்பு தேவை; அது கிடைக்கவில்லை.

சீர்செய்யாததற்குக் காரணம் எளிது. 2003-இல் டீசல் மின்னியந்திரங்களோடும் தனித்தனி மாடங்கள் (பால்கனிகள்) கொண்ட அறைகளோடும் பல புதிய கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீராவியால் ஓடும் ஒரே கப்பலுக்காகப் புதிய கொதிகலன்களைச் செய்து பொருத்துவதில் நிறுவனத்துக்கு இலாபம் இல்லை. 2004-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள்.

கிள்ளான்வாசி:

கப்பலின் கடைசி ஆண்டுகளில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன். 2005-இல் பிரேமர்ஹாஃபனிலிருந்து இழுத்துவரப்பட்ட கப்பல், ஆகஸ்ட் மாதம் மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் நங்கூரமிடப்பட்டது. ஜெர்மனியிலிருந்து புறப்பட்டபோது உடைப்பதற்காக அனுப்புவதாகச் சொல்லப்படவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால், நச்சுக் கழிவுகளை ஏழை நாடுகளுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை குறுக்கே நின்றிருக்கும். கப்பலின் சுவர்களிலும் குழாய்களிலும் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருப்பதாக மதிப்பிடப்பட்டது. 1950-களில் தீத்தடுப்புக்காகப் பெருமையோடு பயன்படுத்தப்பட்ட பொருள் அது. ‘நார்மாண்டி’ எரிந்த நினைவு கப்பல் கட்டியவர்களை விட்டு நீங்கவில்லை. ஆனால் கப்பலைப் பிரிக்கும்போது அதன் தூசு தொழிலாளியின் நுரையீரலுக்குள் போகும்.

2006 பிப்ரவரியில் பங்களாதேசம் கப்பலை ஏற்க மறுத்தது. அதே மாதம், இந்தியாவின் குஜராத்தில் உள்ள ஆலங் கப்பல் உடைக்கும் தளத்தை நோக்கி வந்துகொண்டிருந்த ‘கிளெமான்சோ’ என்ற பழைய பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பலைக் கல்நார் எதிர்ப்பின் காரணமாக பிரான்ஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. அழைத்தவர் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ழாக் சிராக். 1974-இல் ‘பிரான்ஸ்’ கப்பலுக்கான மானியம் நிறுத்தப்பட்டபோது பிரதமராக இருந்த அதே சிராக். ஆனால் ‘பிரான்ஸ்’ கப்பலை அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அது அதற்குள் பல கைகள் மாறி ‘புளூ லேடி’ என்ற பெயரில் வந்தது. மழைக்காலத்தைக் காரணம் காட்டி இந்தியக் கடற்பகுதிக்குள் நுழைய அனுமதி பெற்று, 2006 ஆகஸ்டில் ஆலங் கரையில் ஏற்றப்பட்டது. அங்குள்ள காம்பே வளைகுடாவின் ஓதம் (கடல் நீர்மட்ட ஏற்றம்) மிக உயரமானது. ஓதம் ஏறும் நேரத்தில் கப்பலைக் கரையை நோக்கிச் செலுத்தி, நீர் வற்றியதும் சேற்றில் நிற்கும்படி செய்வதே அங்குள்ள முறை. ஒருமுறை ஏற்றிவிட்டால் இவ்வளவு பெரிய கப்பலைத் திரும்பக் கடலுக்குள் இழுப்பது நடைமுறையில் இயலாது. ஆகவே 2007 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு உடைக்க அனுமதித்தபோது, வேறு முடிவுக்கு உண்மையில் இடமே இருக்கவில்லை. சட்டத்தை முன்கூட்டியே கையறு நிலைக்குத் தள்ளிய இந்த வழிமுறைதான் எனக்குக் கப்பலின் இழப்பைவிடப் பெரிய வருத்தம்.

கலங்கரை:

கிள்ளான்வாசி அவர்களின் பதிவு இந்த இழையில் வர வேண்டியதே. நங்கூரம் அவர்களின் முதல் கேள்வியோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன். கடலிலேயே திரையரங்கு, கடைவீதி என எல்லாவற்றையும் வைத்து, கப்பலையே சுற்றுலாத் தலமாக ஆக்கலாம் என்பதைப் பெரிய அளவில் மெய்ப்பித்தது ‘நார்வே’தான். அதைத் தாண்டும் நோக்கில் 1988-இல் வந்த ‘சாவரின் ஆஃப் தி சீஸ்’ கப்பலும், பின்னர் வந்த ‘குயின் மேரி 2’ கப்பலும் ‘பிரான்ஸ்’ பிறந்த அதே சேன் நசேர் தளத்தில் கட்டப்பட்டவை. நீராவி ஐயா சொன்ன கணக்கு ‘குயின் மேரி 2’ வடிவமைப்பில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருப்பதைக் காணலாம். மெதுவாக ஓடும் சுற்றுலாப் பயணங்களுக்கு அதன் நான்கு டீசல் இயந்திரங்கள் போதும்; அட்லாண்டிக்கை விரைந்து கடக்க வேண்டிய வேளையில் மட்டும் எரிவளிச் சுழலிகள் (வாயு டர்பைன்கள்) இரண்டும் உடன் இயக்கப்படுகின்றன.